தட்டைமீன்களின் பின்னால் எட்டு நாள்

முதல் நாள், வெள்ளி: உர்க், நெதர்லாந்து

பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கிறது. 1950 முதல் எந்த நாடு கடலில் எவ்வளவு தட்டைமீன் பிடித்தது என்று உலக உணவு வேளாண் அமைப்பின் கணக்கை வைத்து நானே வரைந்த கோட்டுப்படம். வளர்ப்பு மீன் இதில் சேராது. மொத்தத்தைக் காட்டும் கறுப்புக் கோடு பல பத்தாண்டுகளாக 10 லட்சம் டன்னைச் சுற்றியே ஊர்கிறது. அதற்குக் கீழே நாடுகளின் கோடுகளும் சில தனி மீன்களின் கோடுகளும் ஒன்று ஏற ஒன்று இறங்கப் பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னலில் சில முடிச்சுகளையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இந்தப் பயணம். நெதர்லாந்து, டென்மார்க், கிரீன்லாந்து. எட்டு நாள்.

உர்க் ஒரு காலத்தில் தீவு. 1932இல் பெரிய அணை கட்டிக் கடலை ஏரியாக்கினார்கள், 1939இல் ஊரைக் கரையோடு இணைத்தார்கள், பிறகு சுற்றியிருந்த தண்ணீரையும் வற்றவைத்து வயலாக்கிவிட்டார்கள். கடல் போன பிறகும் ஊர் மீன்பிடிப்பை விடவில்லை. இவர்களின் படகுகள் வடகடலோரத்தில் வேறு துறைமுகங்களில் நிற்கின்றன, மீன் லாரியில் வந்து சேருகிறது. காலையில் ஏலக்கூடத்துக்குப் போனேன். கூச்சலும் ஈரமுமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். குளிர்ந்த கூடத்தில் பெட்டிகள் வரிசையாக நின்றன. வாங்குகிறவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டிகளில் பெரும்பாலும் பிளேஸ் என்ற தட்டைமீன். பழுப்பு முதுகில் யாரோ குங்குமத்தைக் குழைத்துத் தெளித்ததுபோல ஆரஞ்சுப் புள்ளிகள். அடுத்து சோல். செருப்படி போல நீண்டு, விலையில் பிளேஸைவிடப் பல மடங்கு உயர்ந்தது. நடுவே தாம்பாளம்போலச் சில டர்போட்.

என் தாளில் நெதர்லாந்தின் நீலக்கோடு சரிந்துகொண்டே வருகிறது. வரையும்போது மீன் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். தப்பு. வடகடல் பிளேஸ் 1980களின் கடைசியில் ஏராளமாகப் பிடிபட்டு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நிஜமாகவே தேய்ந்தது. ஆனால் பிடிப்பைக் குறைத்ததும் எழுந்துகொண்டது. 1957இல் தொடங்கும் மதிப்பீட்டில் என்றுமில்லாத அளவு பிளேஸ் 2010களில் கடலில் இருந்தது. அனுமதித்த அளவைக்கூடப் பல ஆண்டுகளாக யாரும் பிடித்து முடிப்பதில்லை. கோடு சரிவது மீன் இல்லாமல் அல்ல, படகு இல்லாமல்.

படகு ஏன் இல்லை என்பது நீண்ட கதை. இங்கே எல்லோரும் சோலுக்காகத்தான் வலை போடுகிறார்கள், பிளேஸ் கூடவே வருகிறது. சோல் பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். அதைக் கிளப்ப, வலையின் வாய்க்கு முன்னால் கனத்த இரும்புச் சங்கிலிகளைக் கட்டித் தரையை உழுதுகொண்டே போவார்கள். டீசல் தண்ணீராகக் கரையும். சங்கிலிக்குப் பதிலாக மின்கம்பிகளை இழுத்து, மெல்லிய மின்துடிப்பால் சோலைச் சுருண்டு மேலே வரவைக்கும் முறை ஒன்று வந்தது. எரிபொருள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது, தரையும் அவ்வளவு கிழிபடவில்லை. ஐரோப்பாவில் மின்சார மீன்பிடிப்புக்குத் தடை இருந்தாலும் விதிவிலக்காக 84 டச்சுப் படகுகள் உரிமம் பெற்றன. பிரான்சிலும் இங்கிலாந்திலும் சிறுபடகுக்காரர்கள் தங்கள் கடல் வெறுமையாகிவிட்டது என்று கொதித்தார்கள். 2018 ஜனவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் தடைக்கு வாக்களித்தது. 2021 ஜூலையில் முழுத்தடை அமலானது.

படகுகள் மறுபடி சங்கிலிக்குத் திரும்பின. மறு ஆண்டே உக்ரைன் போரால் டீசல் விலை எகிறியது. பிரெக்சிட்டில் ஒதுக்கீடு குறைந்திருந்தது, கடலில் காற்றாலைகள் இடம்பிடித்துக்கொண்டிருந்தன. கடைசியில் அரசே பணம் கொடுத்துப் படகுகளை உடைக்கச் சொன்னது. ஐம்பதுக்கும் மேற்பட்டவை போயின.

யார் பக்கம் நியாயம்? சிறுபடகுக்காரரின் பயத்தைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் தரையைக் காப்பதற்கென்று சொல்லி, தரையை அதிகம் உழுகிற முறைக்கே திருப்பி அனுப்பியதும் எனக்குச் செரிக்கவில்லை.

சாயங்காலம் கடலில் போனவர்களின் நினைவிடத்துக்குப் போனேன். சுவரில் பெயர்கள், நடுவே தண்ணீரைப் பார்த்து நிற்கும் ஒரு பெண் சிலை. அவள் பார்ப்பது இப்போது ஏரி.

இரண்டாம் நாள், சனி: டெஸ்ஸல் தீவு

டென் ஹெல்டரிலிருந்து கப்பலில் இருபதே நிமிடம். வற்றும் நேரம் பார்த்து, வழிகாட்டி ஒருவரோடு வாடன் கடலின் சேற்றில் இறங்கினேன். முழங்கால்வரை பூட்ஸ், கையில் சின்ன வடிகட்டி வலை. தேங்கிய குட்டையில் வலையைத் தள்ளித் தூக்கினார். இறால்குஞ்சுகள், ஒரு நண்டு, அப்புறம் கட்டைவிரல் நீளத்தில் நாலைந்து பிளேஸ். உள்ளங்கையில் வைத்தால் ரேகை தெரிகிறது, அவ்வளவு மெல்லிசு.

இவை இங்கே பிறந்தவை அல்ல. குளிர்காலத்தில் வடகடலின் தெற்கு மூலையில் தாய்மீன்கள் முட்டையிடுகின்றன. பொரித்த குஞ்சு மற்ற மீன்குஞ்சைப் போலத்தான் இருக்கும், பக்கத்துக்கொரு கண், நிமிர்ந்த நீச்சல். நீரோட்டத்தில் மிதந்து வரும்போதே ஒரு கண் நகரத் தொடங்கி, தலை உச்சியைத் தாண்டி மறுபக்கம் போய்ச் சேருகிறது. பிளேஸில் இடக்கண் வலப்பக்கம் வரும், டர்போட்டில் வலக்கண் இடப்பக்கம். வேலை முடிந்ததும் குஞ்சு படுத்துவிடும். வசந்தத்தில் இந்தச் சேற்றில் வந்து இறங்கும்போது நகத்தளவுதான். அந்த வயதில் இறால்கூட இதைத் தின்றுவிடும்.

இந்தக் குஞ்சுகளுக்காகவே 1989இல் இந்தக் கடற்கரையை ஒட்டி ஜெர்மனி, டென்மார்க் வரை ஒரு பெரிய பரப்பை ஒதுக்கி, 300 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட சங்கிலிப் படகுகளை விலக்கினார்கள். பிளேஸ் பெட்டி என்று பெயர். கணக்குப்படி மீன் பெருகியிருக்க வேண்டும். பெருகவில்லை, முதலில் குறைந்தது. மீன் பெட்டியைவிட்டு வெளியே போயிற்று. ஒரு வயதைத் தாண்டிய பிளேஸ் இந்தச் சேற்றுப்பக்கம் வருவதே அரிதாகிவிட்டது, ஆழமான இடத்துக்குத் தள்ளிப் போய்விட்டது. தண்ணீர் சூடானது முக்கியக் காரணம் என்கிறார்கள். படத்தில் கோடு போட்டுக் கடலைப் பிரித்தவர்களுக்கு மீன் கொடுத்த பதில் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் பெட்டி இல்லாதிருந்தால் இன்னும் மோசமாகியிருக்குமோ என்பதற்கு யாரிடமும் பதில் கிடையாது.

இன்னொரு சிக்கலையும் வழிகாட்டி சொன்னார். 24 சென்டிமீட்டர் சோலைப் பிடிக்க 80 மில்லிமீட்டர் கண் வலை வேண்டும். பிளேஸைக் கரைக்குக் கொண்டுவரக் குறைந்தது 27 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சோல் ஒல்லி, பிளேஸ் அகலம். சோலுக்குப் பொருந்திய கண்ணில் சின்னப் பிளேஸ் மாட்டிக்கொள்கிறது. இப்படிக் கடலுக்கே திரும்ப வீசப்பட்ட மீன் என் தாளில் எந்தக் கோட்டிலும் இல்லை. தாள் காட்டுவது பிடித்ததை அல்ல, இறக்கியதை. இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள், ஞாயிறு

முழுக்க ரயில். எழுத ஒன்றுமில்லை. பூட்ஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டியும் பெட்டி முழுக்கச் சேற்று வாசனை. எதிரே இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

நான்காம் நாள், திங்கள்: தோருப்ஸ்ட்ராண்ட், டென்மார்க்

இங்கே துறைமுகமே கிடையாது. மணல்கரை. பலகைமேல் பலகை ஏறிய மரப்படகுகளை வின்ச் வைத்து இழுத்துக் கரையில் ஏற்றுகிறார்கள். காற்று பலமாக இருந்ததால் இன்று எல்லாப் படகும் மணலில் குந்தியிருந்தன. அதனால் வலை போடுவதைப் பார்க்கவில்லை, கேட்டு எழுதுகிறேன்.

டேனிஷ் வலை என்று உலகம் முழுக்கச் சொல்கிற முறை பிளேஸுக்காகவே பிறந்தது. 1848இல் இந்த வடக்குப் பகுதியின் லிம்ஃபியோர்டில் யென்ஸ் லவுர்சென் வேவர் என்ற மீனவர் கண்டுபிடித்தார். நங்கூரம் போட்டு, நீளமான கயிற்றைத் தரையோடு வளைத்துவிட்டு, வலையை நடுவில் வைத்து இரண்டு முனையையும் மெல்ல இழுக்க வேண்டும். கயிறு நகரும்போது கிளம்பும் மணல்புகையைக் கண்டு தட்டைமீன் உள்ளே உள்ளே நகர்ந்து வலைக்கு முன்னால் வந்துவிடும். ஆட்டு மந்தையை ஓட்டுகிற மாதிரி. தரையை உழவேண்டியதில்லை, மீன் காயமில்லாமல் உயிரோடு ஏறும். பிளேஸை இவர்கள் ரோட்ஸ்பெட்டே என்கிறார்கள், சிவப்புப் புள்ளிக்காரன் என்பதுபோல.

டென்மார்க்கின் கோடும் என் தாளில் இறங்குமுகம்தான். 2007இல் பிடிக்கும் உரிமையைப் படகுக்குப் படகு பங்காகப் பிரித்து, விற்கலாம் வாங்கலாம் என்று ஆக்கினார்கள். சின்னத் துறைமுகங்களில் பலர் விற்றுவிட்டு ஒதுங்கினார்கள், பங்குகள் பெரிய கைகளில் சேர்ந்தன. இந்த ஊர்க்காரர்கள் மட்டும் 2006இலேயே சுமார் இருபது குடும்பங்களாகச் சேர்ந்து சங்கம் வைத்து, கடன் வாங்கிப் பங்கை ஊருக்குப் பொதுவாக வாங்கிக்கொண்டார்கள். தனியொருவர் விற்க முடியாது. அதனால்தான் மணலில் இன்னும் படகு இருக்கிறது. வட்டி கட்டவும் அதே மீன்தான் வர வேண்டும் என்று ஒருவர் சொல்லிவிட்டுச் சிரிக்காமல் நின்றார்.

ஐந்தாம் நாள், செவ்வாய்: கோபன்ஹேகன், நூக்

கோபன்ஹேகனில் கிடைத்த அரை நாளில் பன்னாட்டுக் கடலாய்வு மன்றத்தின் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்தேன். 1902இல் தொடங்கிய அமைப்பு. வடகடலில் எவ்வளவு பிளேஸ் பிடிக்கலாம் என்ற ஆலோசனை இன்றும் இங்கிருந்துதான் போகிறது. முதல் உலகப்போரில் வடகடலில் பெரும்பாலும் மீன்பிடிப்பு நின்றது. போர் முடிந்து போட்ட வலைகளில் பெரிய பெரிய பிளேஸ் ஏறியது. மனிதன் பிடிப்பதால் கடல் மீன் குறையும் என்பதற்கு யாரும் திட்டமிடாத பரிசோதனை அது. அப்புறம் 1957இல் இங்கிலாந்தின் லோஸ்டாஃப்டில் இருந்த பெவர்டன், ஹோல்ட் என்ற மீன்வள அறிஞர்கள் இருவரும் எவ்வளவு பிடித்தால் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கை எழுதியபோதும் எடுத்துக்கொண்ட முதன்மை உதாரணம் பிளேஸ்தான். இன்று உலகில் மீன்வளக் கணக்குப் போடுகிற எவரும் ஏதோ ஒரு வகையில் இந்தப் புள்ளிக்காரனுக்குக் கடன்பட்டவர்.

மதியம் விமானம். 2024 நவம்பரில் திறந்த புதிய ஓடுபாதையால் கிரீன்லாந்தின் தலைநகர் நூக்குக்கு நேராகவே போகலாம்.

ஆறாம் நாள், புதன்: நூக், மூடுபனி

வடக்கே நான் போக வேண்டிய இலுலிசாட் ஊருக்கு இன்று விமானம் இல்லை. நாளைக்கு இருக்கலாம். பனி ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சரி, தாளை மேசையில் விரித்தேன். நான் போகாத நாடுகளின் கோடுகளை இன்று எழுதிவிடலாம்.

முதலில் ஊசிபோல் நிற்கும் அந்த உச்சி. அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே பெரிங் கடலில் மஞ்சள் துடுப்பு சோல் என்ற மீன். 1961இல் சோவியத், ஜப்பான் கப்பல்கள் அந்த ஒரே இனத்தில் 5.5 லட்சம் டன் பிடித்தன. இன்றைய உலகத் தட்டைமீன் மொத்தத்தில் பாதிக்கு மேல், ஒரே கடலில், ஒரே ஆண்டில். அடுத்த சில ஆண்டுகளில் சரிவு. கோடு செங்குத்தாக விழுகிறது, இது மட்டும் ஐயமே இல்லாமல் மீன் தீர்ந்த கோடு. 1976இல் அமெரிக்கா 200 மைல் எல்லையைச் சட்டமாக்கியது. வெளிநாட்டுக் கப்பல்கள் படிப்படியாக வெளியேற, மீனும் மீண்டது. இன்று உலகின் மிகப்பெரிய தட்டைமீன் பிடிப்பு அதுவே, வழக்கமான ஆண்டில் 1 லட்சம் டன்னுக்கு மேல்.

இன்னும் அதிகம் பிடிக்கலாம் என்றுதான் உயிரியல் கணக்கு சொல்கிறது. பிடிப்பதில்லை. அந்தக் கடற்பகுதியில் தரைமீன், அதாவது கடலடியை ஒட்டி வாழும் மீன், எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 20 லட்சம் டன்னைத் தாண்டக் கூடாது என்று சட்டம். அதற்குள் பெரும்பங்கை பொல்லாக் என்ற மீன் எடுத்துக்கொள்கிறது, மிஞ்சியதில் தட்டைமீன். போதாததற்கு, சோலுக்குப் போட்ட வலையில் ஹாலிபட் என்ற பெரிய தட்டைமீன் மாட்டினால் அதற்கு வேறு ஒரு வரம்பு. ஆக இந்தக் கோட்டின் உயரத்தை இன்று நிர்ணயிப்பது மீனல்ல, வேறு மீன்களைப் பற்றிய விதிகள்.

அந்த ஹாலிபட்டின் கோடும் வினோதம். பசிபிக் ஹாலிபட்டுக்காக அமெரிக்காவும் கனடாவும் 1923இலேயே கூட்டு ஆணையம் வைத்தன. ஆனாலும் அலாஸ்காவில் படகுகள் பெருகிப் பெருகி, ஓராண்டுப் பிடிப்பு சில 24 மணிநேர ஓட்டங்களுக்குள் முடியும் நிலை வந்தது. புயலானாலும் அன்றே போயாக வேண்டும், ஆட்கள் செத்தார்கள். 1995இல் தனித்தனிப் பங்கு கொடுத்து அந்தப் பைத்தியக்காரத்தனத்தை நிறுத்தினார்கள். அப்படியும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்த பிடிப்பு பின்னர் பாதிக்கும் கீழே இறங்கியது. ஒரு காரணம், மீன் சிறுத்துப்போனது. 1980களில் இருபது வயது ஹாலிபட் இருந்த எடையில் பாதிகூட, பின்னாளில் அதே வயது ஹாலிபட்டுக்கு இல்லை. எடையில் வரைந்த கோடு விழுவதற்குத் தலை எண்ணிக்கை குறைய வேண்டும் என்று கட்டாயமில்லை.

கனடாவின் கிழக்கே கிராண்ட் பேங்க்ஸ் என்ற கடலடி மேடு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தட்டைமீன்கள். இரண்டையும் 1990களின் நடுவில் பிடிக்காமல் நிறுத்தினார்கள். மஞ்சள்வால் ஃப்ளவுண்டர் எழுந்து 1998இல் மறுபடி திறந்தார்கள். அமெரிக்கன் பிளேஸ் எழவே இல்லை. முப்பது ஆண்டாகத் தடை. ஒரே தரை, ஒரே தண்ணீர். ஒன்று ஏன் எழுந்தது, மற்றது ஏன் கிடக்கிறது? இந்த இரண்டு கோடுகளையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ உறுத்துகிறது.

அதே கடலில்தான் 1995 மார்ச்சில் தட்டைமீனுக்காகத் துப்பாக்கி வெடித்தது. பன்னாட்டு எல்லையில் கிரீன்லாந்து ஹாலிபட் பிடித்துக்கொண்டிருந்த எஸ்தாய் என்ற ஸ்பானியக் கப்பலை, முகப்புக்கு முன்னால் எச்சரிக்கையாகச் சுட்டு, கனடா பிடித்துக்கொண்டு போனது. மாலுமிகள் அறுத்துவிட்டிருந்த வலையைக் கடலடியிலிருந்து எடுத்து, நியூயார்க்கில் ஐநா கட்டடத்தின் எதிரே தொங்கவிட்டார் அமைச்சர் பிரையன் டோபின். சட்டம் சொன்னதைவிடச் சின்னக் கண். எல்லை கடந்து திரியும் மீன்களுக்கான ஐநா உடன்பாடு அதே ஆண்டு ஆகஸ்டில் முடிவானது. கனடாவில் இந்த மீனை டர்போட் என்பார்கள், அதனால் டர்போட் போர். உர்க்கில் பார்த்த டர்போட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயர்க் குழப்பம் இந்தத் தொழிலின் தீராத வியாதி.

ஜப்பானைப் பற்றி ஒன்று மட்டும். 2011 அணு உலை விபத்துக்குப் பின் ஃபுகுஷிமா கடலில் மீன்பிடிப்பு நின்றது. அந்தக் கடலுக்கு மட்டும் தனியே கோடு வரைந்தால் அது ஏறக்குறையத் தரையைத் தொடும். அந்த ஆண்டுகளில்தான் அங்கே ஹிராமே என்ற தட்டைமீன் எண்ணிக்கையிலும் அளவிலும் பெருகியது. தாளில் பஞ்சம், தண்ணீரில் செழிப்பு.

ஏழாம் நாள், வியாழன்: இலுலிசாட்

பனி விலகியது. விமானத்திலிருந்தே தெரிந்தது, வீடுகளைவிட உயரமான பனிப்பாறைகள் விரிகுடாவை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. இரவு பதினொன்றுக்கும் வெயில். நாய்கள் ஊளையிட்டுக்கொண்டே இருக்கின்றன, தூக்கம் வரவில்லை.

துறைமுகத்தில் சின்னப் படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரு படகுக்காரர் நாளைக்கு என்னைக் கூட்டிப்போக ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை, கொக்கிக்குப் பக்கத்தில் கை வைக்கக் கூடாது.

எட்டாம் நாள், வெள்ளி: டிஸ்கோ விரிகுடா

இங்கே வலை இல்லை, ஆயிரங்கால் தூண்டில். நேற்றே போட்டுவைத்த கயிற்றை இன்று எடுத்தோம். பல நூறு மீட்டர் ஆழத்திலிருந்து வின்ச் முனகிக்கொண்டே இழுத்தது. குளிர்காலத்தில் உறைந்த கடலின்மேல் நாய்வண்டியில் போய், ஓட்டை போட்டு, கயிற்று முனையில் ஒரு தகட்டைக் கட்டி இறக்குவார்களாம். தகடு தண்ணீருக்குள் பட்டம்போலச் சாய்ந்து நீந்திப் போய்க் கயிற்றைப் பனிக்கு அடியில் நீட்டிப் படுக்கவைக்கும். இப்போது நம்பி வண்டி ஓட்டக்கூடிய பனி உறையும் நாட்கள் குறைந்துவிட்டன.

கொக்கிகளில் வந்தது கிரீன்லாந்து ஹாலிபட். முதல் மீனைக் கையில் வாங்கியதும் ஏதோ சரியில்லை என்று பட்டது. தட்டைமீனின் அடிப்பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும். இதற்கு இரு பக்கமும் கறுப்பு. இடக்கண் மறுபக்கம் போகாமல் நெற்றி விளிம்பிலேயே நின்றுவிட்டது. மற்ற தட்டைமீன்கள் தரையில் கிடக்க, இது சாதாரண மீன்போல நிமிர்ந்து நீந்தி வேட்டையாடும். இப்படிக் கண் விளிம்பிலேயே நிற்கும் இன்னொரு மீன் இந்தியப் பெருங்கடலில் உண்டு. 1801இல் அதற்கு வைத்த அறிவியல் பெயரில் எருமெய் என்று ஒரு சொல் வரும். நம் எருமைநாக்குதான் லத்தீன் வேடம் போட்டிருக்கிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, விறைத்த விரலோடு, அது நினைவுக்கு வந்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

என் தாளில் உயர்ந்து போகிற கோடு கிரீன்லாந்துடையது. இறாலோடு இந்த மீன்தான் நாட்டின் ஏற்றுமதியைத் தாங்குகிறது. ஏறுகிற கோடு என்பதால் கடைசிக்கு வைத்திருந்தேன், நல்ல செய்தியோடு முடிக்கலாம் என்று. ஆனால் இந்த விரிகுடாவில் பிடிபடும் மீனின் சராசரி நீளம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அறிவியலாளர்கள் பரிந்துரைத்த அளவைவிட அதிகமாகவே பல ஆண்டுகள் அரசு ஒதுக்கியது. இது மெதுவாக வளரும் மீன். முட்டையிடுவது வெளியே டேவிஸ் நீரிணையின் ஆழத்தில். குஞ்சுகள் மிதந்து இங்கே வந்து வளர்கின்றன. வளர்ந்தவை முட்டையிடத் திரும்பிப் போவதில்லை என்றே நெடுங்காலமாகக் கருதுகிறார்கள். அப்படியானால் இந்த விரிகுடா, வெளியிலிருந்து வரவு மட்டுமே வைக்கும் கணக்கு.

தொட்டி பாதி நிறைந்ததும் தேநீர். தாளை எடுத்துக் காட்டினேன். அவர் கையைத் துடைத்துவிட்டுப் பிடித்துப் பார்த்தார். தன் நாட்டுக் கோட்டைக் கண்டுபிடித்து, அது மேலே போகும் இடத்தில் விரலை வைத்தார்.

"இது முழு கிரீன்லாந்தா, இந்த விரிகுடாவா?"

முழு நாடும் என்றேன். வடக்கே உபர்நாவிக்கும் வெளிக்கடல் கப்பல்களும் சேர்த்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டு, ஈரவிரல் பட்ட இடம் கசியாதபடி மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வின்ச்சை மறுபடி ஓடவிட்டார். அடுத்து வந்த நாலு கொக்கி காலி, ஐந்தாவதில் என் முழங்கை நீளத்தில் ஒன்று. அதைத் தொட்டியில் போடலாமா வேண்டாமா என்று ஒரு கணம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, போட்டார்.